முப்பத்தொரு வளையங்கள்

முப்பத்தொரு வளையங்களை நான் இழுத்துக் கெடுத்துவிட்டேன் என்று ஒரு நோட்டில் என் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் கையொப்பம்: இசக்கியம்மாள், ஆய்வக உதவியாளர். அத்தனையும் பொய். தெரியாமல்தான் எழுதினேன் என்று நேற்றுக் காலை வரைக்கும் யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் சத்தியம் செய்திருப்பேன். அந்த நோட்டு இப்போது என் முன்னால், சாப்பாட்டு மேஜையில் இருக்கிறது.

என் வேலையைச் சொன்னால் சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். காலை ஆறு மணிக்கு மேலப்பாளையத்துக் கறிக்கடைக்குப் போய், அப்போதுதான் அறுத்த ஆட்டின் நெஞ்சிலிருந்து எடுத்த பெரிய ரத்தக்குழாயை ஐஸ் போட்ட உப்புநீரில் வாங்கி வருவேன். பாளையங்கோட்டையில் எங்கள் ஆய்வகம். அங்கே அந்தக் குழாயை மோதிரம் மோதிரமாக நறுக்கி, ஒவ்வொரு வளையத்திலும் இரண்டு மெல்லிய கம்பிகளைக் கோத்து, உடம்புச் சூட்டில் இருக்கும் உப்புநீர்க் குடுவைக்குள் தொங்கவிடுவேன். மருந்தைச் சொட்டினால், மருந்துக்குத் தக்கபடி வளையம் இறுகும் அல்லது தளரும். கருவி அதைக் கோடாக வரையும். ஆடு குழம்பில் கொதித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அதன் குழாய் எனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். பதினெட்டு வருடமாகியும் எனக்கு இது அலுக்கவில்லை.

இந்த வேலையில் இரண்டு பாவங்கள் உண்டு. வளையத்தின் உட்பக்கத்தை உரசக்கூடாது. அங்கே ஒரே ஒரு செல் கனத்துக்கு ஒரு தோல் இருக்கிறது, கம்பி பட்டாலே போய்விடும். மாட்டும்போது இழுத்துவிடவும் கூடாது. இழுத்தால் சுற்றியிருக்கும் தசை செத்துவிடும், அப்புறம் எந்த மருந்துக்கும் இறுகாது. கெட்டுப்போன வளையத்தை முடிவில் சேர்க்க மாட்டோம். ஆனால் கெட்டது என்று எழுதும் உரிமை அதை மாட்டிய கைக்கு மட்டும்தான். பெரிய டாக்டராகவே இருந்தாலும் எழுத முடியாது. கணினியில் கூடாது, காகித நோட்டில், பேனாவால், மாட்டியவள் எழுத வேண்டும். எங்கள் ஆய்வகத்தின் வழக்கம் இது. யாரும் தனக்குப் பிடிக்காத முடிவைத் தூக்கிப்போட்டுவிடக் கூடாது என்று இதைக் கொண்டுவந்தவள் எப்சிபா அக்கா.

டாக்டர் எப்சிபா எங்கள் ஆய்வகத்தின் தலைவி. முன்பெல்லாம் 'அவர்' என்றுதான் சொல்லுவேன். இனிமேல் அவள்தான். நான் சேர்ந்த மூன்றாம் மாதமே, "மேடம்னு கூப்பிடாத ஏட்டி, அக்கான்னு கூப்பிடு" என்றாள். எனக்கு நிச்சயம் செய்த கல்யாணம் முறிந்தபோது ஒரு வாரம் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டாள். வெளியூர்க்காரர்கள் ஆய்வகம் பார்க்க வந்தால் என் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டுவாள். "இது எங்க இசக்கி கை. இது மாட்டுன வளையம் ஏமாத்தாது." எனக்குப் பெருமையில் காது சூடாகிவிடும்.

அவள் கண்டுபிடித்ததுதான் தளிர். வளர்த்தெடுத்த உயிருள்ள செல்கள். மணிக்கட்டு வழியாக ஒரு மெல்லிய குழலை விட்டு, தேய்ந்துபோன ரத்தக்குழாய்களுக்குள் அதைப் பூசிவிட்டால் புதிய உள்தோல் வளர்ந்துவிடும். ஆயுசு முழுக்க மாத்திரை வேண்டாம்.

என் தம்பி சுடலைமணி கயத்தாற்றில் காற்றாலை ஏறுகிறவன். எண்பது மீட்டர் உயரத்தில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு இறக்கையைப் பழுது பார்ப்பான். முப்பத்தெட்டு வயதில் அவனுக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. மாத்திரை சாப்பிடுகிறவனை மேலே விட மாட்டார்கள், கீழே ஸ்டோரில் உட்கார வைத்து நட்டு போல்ட்டு எண்ணச் சொல்லுவார்கள். அதற்குச் செத்துவிடலாம் என்றான். தளிர் விண்ணப்பத்தோடு என்னிடம் வந்தான்.

"ரத்தக்குழாய்ங்கது பைப்புதானக்கா? அதுக்கு எதுக்கு உள்ள ஒரு தோலு?"

"பைப்பு இல்லலே. பஸ்ஸுன்னு வச்சுக்க. வெளிய சுத்தியிருக்க தசை டிரைவரு. உள்தோலு கண்டக்டரு. ரத்தம் எப்படி ஓடுது, எங்க நெருக்குதுன்னு அதுக்குத்தான் தெரியும். தளரணும்னா ஒரு வாயுவ விடும். ரெண்டு மூணு செகண்டுதான் அந்த வாயுவுக்கு ஆயுசு, அதுக்குள்ள தசைக்குப் போய்ச் சேந்துரும். அதுதான் ரெண்டு விசிலு, போலாம்னு அர்த்தம். இறுகணும்னா வாயுவ நிப்பாட்டும், வேற ஒண்ணச் சுரக்கும். அது ஒத்த விசிலு. உனக்கு உள்தோலு தேஞ்சு போச்சு, விசிலே இல்ல. டிரைவரு பிரேக்க மிதிச்சுக்கிட்டே நிக்கான். அதான் பிரஷர்."

"தளிர் போட்டா?"

"புதுக் கண்டக்டரு வருவான்."

"ஒழுங்கா ஊதுவானா?"

"ஊதுவான்."

"நீ பாத்தியா?"

"எங்கையால மாட்டிப் பாத்திருக்கேன். போட்டுக்க."

விண்ணப்பத்தை அங்கேயே என் பேனாவை வாங்கி நிரப்பினான். போட்டுக்க என்று சொல்லும்போது அந்த முப்பத்தொரு வரி எனக்கு ஞாபகம் வந்ததா என்று கேட்டால், வந்தது. ஒளித்து என்ன ஆகப்போகிறது.

அது நடந்தது அதற்கு ஒரு வருடம் முன்னால். தளிர் பூசிய நாற்பது வளையங்களை மாட்டியிருந்தேன். காலையில் தளரும் சோதனை. நாற்பதும் அருமையாகத் தளர்ந்தன, அக்கா எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். மத்தியானம் இறுகும் சோதனை. உட்கார்ந்திருக்கும் மனுசன் எழுந்தால் ரத்தம் காலுக்கு இறங்கிவிடும். உடனே நரம்புகள் 'இறுக்கு' என்று கத்தும், குழாய்கள் இறுகும், தலைக்கு ரத்தம் போய்ச் சேரும். அந்த நரம்பின் குரலில் பேசுகிற மருந்து ஒன்று உண்டு. அதைச் சொட்டினேன். ஒன்பது வளையங்கள் இறுகின. மற்ற முப்பத்தொன்றும் லேசாக அசைந்துவிட்டு அப்படியே தொய்ந்து கிடந்தன.

அக்கா திரையைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து என் கையைப் பிடித்தாள்.

"ஏட்டி இசக்கி, கண்ணாடி மாத்தணும்னு சொன்னேல்லா?"

"ஆமாக்கா."

"கையும் லேசா நடுங்குதுட்டி. ரெண்டு மூணு வாரமாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். வருத்தப்படுவேன்னு சொல்லல. மாட்டும்போது இழுத்திருக்க. எல்லாம் தசை செத்த வளையம்."

நான் என் கையைப் பார்த்தேன். அவள் பிடித்திருந்ததால் நடுங்குகிறதா இல்லையா என்று தெரியவில்லை.

"வயசாகுதுல்லா, எனக்குந்தான் ஆகுது. யாருக்கும் தெரிய வேண்டாம். நோட்டுல எழுதிட்டு நீ வீட்டுக்குப் போ. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்."

அழுதேன். தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். 'மாட்டும்போது இழுபட்டது' என்று முப்பத்தொரு தடவை எழுதிக் கையொப்பம் போட்டுவிட்டு, நாலரை மணிக்குக் கிளம்பினேன். மறுநாள் போனபோது வளையங்கள் குப்பைக்குப் போயிருந்தன. திரும்ப மாட்டலாமா என்று கேட்டேன். விதிப்படி எட்டு நல்ல வளையம் போதும், நம்மிடம் ஒன்பது இருக்கிறது, நீ கையை ஓய்வாக வை என்றாள். என் குறையை மூடிமறைத்த தெய்வம் என்று நினைத்தேன். அதிலிருந்து ஆய்வகத்தில் டீ டம்ளரைக்கூட இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பேன்.

தளிருக்கு அனுமதி கிடைத்தது. அக்கா டிவியில் வந்தாள். முதல் தளிர் எனக்குத்தான் என்று மணிக்கட்டில் பிளாஸ்திரியைக் காட்டினாள், ஊரே கைதட்டியது. போட்டவர்களுக்கு எழுந்திருக்கும்போது கொஞ்சம் தலை சுற்றும் என்று தளிரைத் தயாரிக்கும் கம்பெனி ஒரு சின்னக் காகிதம் கொடுத்தது: எழும் முன் எதையாவது பிடித்துக்கொண்டு மூன்று எண்ணவும். அவ்வளவுதான், மூன்று எண்ணுவது ஒரு நாகரிகமாகவே ஆகிவிட்டது. பஸ்ஸில் ஸ்டாப் வருவதற்கு முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு உதட்டை அசைப்பார்கள். கல்யாணப் பந்தியில் ஒரு வரிசையே இலையை மூடிவிட்டு, ஒண்ணு ரெண்டு மூணு என்று முணுமுணுத்துவிட்டுக் கை கழுவ எழும். தளிர் போடாத சிலர்கூட கௌரவத்துக்காக எண்ணினார்கள். எப்சிபா அக்காவும் எண்ணுவாள். என் எதிரில், ஒவ்வொரு தடவையும், மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு.

தம்பி தளிர் போட்ட ஐந்தாம் மாதம், சித்திரை வெயிலில், மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கோபுரத்தின் உச்சியில் மயங்கினான். பெல்ட் அவனைக் கீழே விழாமல் பிடித்துக்கொண்டது. கால் தொங்க, நின்ற வாக்கிலேயே இருபத்தைந்து நிமிடம் ஆடிக்கொண்டிருந்தான். ரத்தமெல்லாம் காலுக்கு இறங்கிவிட்டது, ஒரு குழாயும் இறுகிக்கொடுக்கவில்லை. உயிர் இருக்கிறது. ஆனால் இப்போது தலையணையை இரண்டாக வைத்தாலே கண் செருகிவிடும். உட்கார முடியாது. பூசிய தளிரைச் சுரண்டி எடுக்கவும் முடியாது. அவன் மூன்று எண்ணவில்லை, அதனால்தான் இப்படி ஆனது என்று தளிர்க் கம்பெனி விசாரணையில் எழுதினார்கள். ஏணியில் ஏறுகிறவன் எந்தப் படியில் நின்று எண்ணுவான் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அந்த விசாரணையை எதிர்த்து மனுக் கொடுக்கலாம் என்று போன வாரம் பழைய சோதனைக் கோடுகளை எடுத்துப் பார்த்தேன். முதல் வளையத்தின் கோடு நாலரை மணிக்கு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை, ஏழு மணி வரைக்கும் போகிறது. ஐந்தே முக்காலுக்குக் கோடு கிடுகிடுவென்று குலுங்குகிறது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தக் குலுக்கல் தெரியும். வளையத்துக்குள் ஒரு குச்சியை விட்டு உள்தோலை வேண்டுமென்றே தேய்த்து எடுத்தால் அப்படித்தான் வரும். அதற்குப் பிறகு, மத்தியானம் நான் சொட்டிய அதே இறுக்கும் மருந்து. கோடு செங்குத்தாக ஏறி நிற்கிறது. அடுத்த வளையத்தைப் பார்த்தேன், அதுவும் அப்படியே. முப்பத்தொன்றும் அப்படியே. சோதித்தவர் என்ற இடத்தில் 'எ' என்று ஒரே எழுத்து.

தசை செத்திருந்தால், தோலை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் வளையம் இறுகாது. இவை இறுகின. தசைக்கு ஒன்றும் ஆகவில்லை, என் கைக்கும் ஒன்றும் ஆகவில்லை. தளிர்தான் இறுக விடவில்லை. அந்தப் புதுக் கண்டக்டருக்கு ரெண்டு விசில் மட்டும்தான் ஊதத் தெரியும், நிறுத்தத் தெரியாது. அக்கா அதை அன்றைக்குச் சாயங்காலமே தன் கையால் சோதித்துத் தெரிந்துகொண்டாள். தெரிந்துகொண்டு மறுநாள் என்னிடம் கையை ஓய்வாக வை என்றாள்.

முந்தாநாள் காலை பத்து மணிக்கு அவள் அறைக்குப் போய்க் கோடுகளை மேஜையில் பரப்பினேன்.

"இது என்னதுக்கா?"

கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். இல்லை என்று சொல்லவில்லை, அந்த மட்டில் மரியாதை.

"உக்காரு. சொல்லுதேன் கேளு. எங்கப்பா வாதம் வந்து பதினோரு வருசம் கட்டில்ல கெடந்தாவ, உனக்குத் தெரியும். தளிர் போட்டவங்களுக்கு வாதம் பாதிக்குப் பாதி கொறஞ்சிருக்கு. கொறஞ்சிருக்கா இல்லையா?"

"கொறஞ்சிருக்கு."

"அந்த ஒன்பது வளையத்துல தளிர் பாதிதான் ஒட்டியிருந்துச்சு. மிச்ச முப்பத்தொண்ணையும் சேத்து அனுமதிக்கு அனுப்பியிருந்தா இன்னும் ஆறு வருசம் இழுத்திருப்பாங்க. அந்த ஆறு வருசத்துல எத்தன பேரு விழுந்திருப்பான். அடுத்ததுல சரிபண்ணிரலாம், அதுவரைக்கும் மூணு எண்ணுனாப் போதும்னு நெனச்சேன்."

"எங்கிட்டச் சொல்லிருக்கலாம்லா."

"சொல்லியிருந்தா நீ எழுதியிருப்பியா?"

நான் கோடுகளை ஒன்றாகச் சேர்த்து அடுக்கினேன்.

"உங்கையத் தவிர வேற யாரும் அத எழுத முடியாது. நாந்தான அந்த வழக்கத்த வச்சேன்."

"அதுக்கு எங்கை நடுங்குதுன்னு சொன்னீய. நான் நம்புனேன். தம்பி தளிர் போடப் போறான்னு அல்வா வாங்கிட்டு வந்து இதே மேஜைல வச்சேன். நீங்க அதத் தின்னீய. அப்பயாவது ஒரு வார்த்தை வேண்டாம்னு சொல்லத் தோணலையா உங்களுக்கு?"

என் குரல் உயர்ந்துவிட்டது. வராந்தாவில் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சட்டென்று எழுந்து, விறுவிறுவென்று போய்க் கதவைச் சாத்தினாள்.

மேஜையைப் பிடிக்கவில்லை. எண்ணவில்லை. தலை சுற்றவில்லை. திரும்பியவள் என் முகத்தைப் பார்த்தாள், என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தது. கை தாமதமாக நாற்காலி முதுகைத் தேடியது. உதடு அசையத் தொடங்கியது.

"எண்ணாதீங்கக்கா," என்றேன். "உங்களுக்குள்ள தளிரே இல்ல."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. மெல்ல வந்து உட்கார்ந்தாள். "அன்னைக்கு ஏத்துனது வெறும் உப்புத்தண்ணி," என்றாள்.

ஒன்றரை வருடம். ஆய்வகத்தில், சர்ச்சில், என் சித்தப்பா செத்த வீட்டில், எழுந்த ஒவ்வொரு தடவையும் என் எதிரிலேயே மூன்று எண்ணினாள். வளையங்களை மறைத்ததைக்கூட அவள் அப்பா முகத்தை நினைத்து ஒரு நாள் மன்னித்திருப்பேனோ என்னவோ. அந்த ஒன்று இரண்டு மூன்றை என்னால் மன்னிக்க முடியாது.

"ஒரே ஒரு விசயம் யோசிச்சுக்க இசக்கி," என்றாள், பழைய அக்கா குரலிலேயே. "நோட்டுல இருக்கது உன் கையெழுத்து. நீ வெளிய போய்ச் சொன்னா மொதல்ல மாட்டுறது நீதான். எனக்கு அதான் கவலையா இருக்கு."

அலமாரியிலிருந்து நோட்டை எடுத்துத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அவள் தடுக்கவில்லை. அதில் அவள் பெயர் எங்கேயும் இல்லை.

நேற்றுக் காலை தம்பிக்குச் சவரம் செய்ய உட்கார்ந்தேன். மல்லாந்தே கிடப்பவனுக்குச் சவரம் செய்ய சலூன்காரர் பயந்து வராமல் நின்றுவிட்டார். அவர் கொடுத்த, அரை பிளேடு மாட்டுகிற கத்தியால் மூன்று மாதமாக நான்தான் செய்துவிடுகிறேன். ஒரு கன்னத்தை எடுத்து முடித்தேன். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். முப்பத்தொன்று, நாலரை மணி, குச்சி, அக்கா கையைப் பிடித்தது, உப்புத்தண்ணி. சொல்லச் சொல்ல எனக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன. கூடப் பிறந்தவள் மாதிரி இருந்தவள் இப்படி என்னைக் கவிழ்த்துவிட்டாளே என்றேன்.

அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"எக்கா, உங்கை நடுங்குதுன்னு நெசமாவே நம்புனியா?"

"நம்புனேன்லே. அவ சொன்னா, நம்புனேன்."

"போன வாரம் வரைக்கும்?"

"ஆமா."

"மூணு மாசமா தெனமும் எங்கழுத்துல கத்தி வைக்க."

நான் கத்தியைப் பார்த்தேன். அதன் முனைக்குப் பக்கத்தில், நுரைக்குக் கீழே, அவன் கழுத்துக் குழாய் துடித்துக்கொண்டிருந்தது.

"நடுங்குத கையின்னு நெனச்சுக்கிட்டா வச்ச?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

"இல்ல," என்றேன்.

"அப்ப உனக்குத் தெரிஞ்சுதான் இருந்திருக்கு."

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மீட்டரில் ஒரு எண்ணைப் பார்த்துச் சொல்வது போலச் சொன்னான். பிறகு மற்றக் கன்னத்தை என் பக்கம் திருப்பினான்.

"இதையும் எடுத்துரு. நுரை காயுது."

எடுத்தேன். காதோரம், தாடைக்குக் கீழே, தொண்டைக்குழி என்று எல்லா இடத்திலும் கத்தி போனது. ஒரு கீறல் விழவில்லை. அதற்கப்புறம் அவன் என்னோடு பேசவில்லை. இன்று காலையும் சவரத்துக்குக் கழுத்தை மட்டும் நீட்டினான்.

பதினோராயிரம் பேர் தளிர் போட்டிருக்கிறார்கள். அவர்களுக்காக நாளைக்கு இந்த நோட்டை எடுத்துக்கொண்டு மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போகிறேன். கெட்டது என்று எழுதிய கைதான் கெடவில்லை என்றும் எழுத வேண்டும், அதுவும் அந்த வழக்கத்தில் சேர்ந்ததுதான். 'இழுபடவில்லை, பிறர் சொன்னதை நம்பி எழுதினேன்' என்று எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். உள்ளே அவன் இருமுகிற சத்தம் கேட்டது.

முதல் வரிக்குப் பக்கத்தில் எழுதினேன்: 'இழுபடவில்லை. கை நடுங்கவில்லை. தெரிந்தே எழுதினேன். இசக்கியம்மாள்.'

இன்னும் முப்பது இருக்கிறது.